மணி அடித்த பிறகு பாடவும்

புதுப் பாட்டுப் புத்தகம் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, எங்கள் சாந்தபுரம் கோயிலில் பதினேழாம் பாட்டுக்கு எழுந்து நின்று எல்லோரும் வாயைத் திறந்தபோது, இருநூற்று முப்பது பேர் வாயிலிருந்தும் ஒரே ஒரு பெண்பிள்ளையின் குரல்தான் வந்தது; நாளுக்கு நாற்பது பனை ஏறி இறங்கும் திரவியத்தின் வாயிலிருந்தும் அதுவே வந்தது, பல் போன உபதேசியார் வாயிலிருந்தும் அதுவே வந்தது, மணி அடித்துக் கோயிலைக் கூட்டிப் பெருக்கும் கோயில்குட்டி மொர்தெகாயின் பெரிய மீசைக்கு அடியிலிருந்தும் அதுவே வந்தது, அன்றைக்கு வந்திருந்த வெள்ளைக்காரத் துரை தமிழைக் கல்லைப்போலக் கடித்துக் கடித்துப் பாடியபோதும் அந்தக் குரல் கொஞ்சமும் கடிபடாமல் வந்தது. ஒருவரும் நிறுத்தவில்லை. எடுத்த பாட்டை நடுவில் விடுவது எங்கள் ஊரில் பந்தியில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போவதற்குச் சமம். அதனால் ஐந்து சரணத்தையும் பாடி முடித்து, ஆமென் சொல்லி உட்கார்ந்த பிறகுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஆமென் மட்டும் அவரவர் சொந்தக் குரலில் வந்திருந்தது.

அது திர்சாளின் குரல் என்று எல்லோருக்கும் தெரிந்தது. தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளவும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

திர்சாள் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்கு வாத்தியாரம்மா. அவள் புருஷன் வேதப் புத்தகங்களைத் தலையில் சுமந்து சந்தை சந்தையாக விற்றவன், ஒரு சந்தையில் பேதி கண்டு அங்கேயே போய்ச் சேர்ந்தான். அதே வருஷம் வந்த அம்மை அவள் மூன்று வயது மகள் ரோதையை உயிரோடு விட்டுவிட்டு, இரண்டு கண்ணையும் எடுத்துக்கொண்டு போனது. பள்ளிக்கூடத்துக்கு எதிரே பொட்டலில் ஒரு சின்ன வீடு, அதில் இந்தத் தாயும் பிள்ளையும். அந்த வீட்டில்தான் பாட்டெல்லாம் பிறந்தது. பாட வேண்டும் என்ற ஆசையில் அவள் பாடவில்லை. கண் தெரியாத பிள்ளைக்கு அம்மா எங்கே இருக்கிறாள் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்; அதற்காகத் தண்ணீர் இறைக்கும்போது ஒரு பாட்டு, அரிசி புடைக்கும்போது ஒரு பாட்டு, அடுப்பு ஊதும்போது மூச்சுக்கு மூச்சு இடைவெளி விட்டு ஒரு பாட்டு என்று அவள் விடாமல் பாடிக்கொண்டே இருந்தாள், பிள்ளை அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே வீடு முழுவதும் நடந்தது.

முதன்முதலில் அவள் கட்டியது ஒரு வழிப்பாட்டு. வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே ஒரு வேப்பமரம் நின்றது. வேம்பண்டை வந்ததும் இடப்பக்கம் திரும்ப வேண்டும். திரும்பாமல் நேரே போனால் கோயில் கிணறு, அதைத் தாண்டினால் கோயில். தரைமட்டக் கிணறு, சுற்றுச்சுவர் கிடையாது, குனிந்து பார்த்தால் எட்டாள் ஆழத்தில் தண்ணீர் தெரியும். அதற்காகத்தான் அந்தப் பாட்டு:

பத்தடி வைத்தால் வேம்பு,
பாப்பா நின்று திரும்பு;
எட்டடி வைத்தால் படி,
எட்டி என் கையைப் பிடி.

இந்தப் பாட்டை ரோதையோடு நடந்த பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள், பிள்ளைகளிடமிருந்து தாய்மார் பிடித்துக்கொண்டார்கள், பிறகு ஞானஸ்நானத்துக்கு ஒன்று கட்டிக் கொடு, அடக்கத்துக்கு ஒன்று கட்டிக் கொடு, முதல் பதநீர் இறக்கும் நாளுக்கு ஒன்று கட்டிக் கொடு என்று ஊரே அவள் வாசலில் வந்து நின்றது. அவளும் கட்டிக் கொடுத்தாள். பாட்டு கட்டுகிறவர் கடைசிச் சரணத்தில் தன் பெயரை வைப்பது நம் பக்கத்து வழக்கம், முத்திரை என்பார்கள். அவளும் ஒவ்வொரு பாட்டின் கடைசியிலும், அடியேன் என்பதற்குப் பெண்பாலாக, 'அடியாள் திர்சாள்' என்று வைத்தாள். இரண்டு வருஷத்துக்குள் அறுபத்திரண்டு பாட்டு சேர்ந்துவிட்டது.

அதைப் புத்தகமாகப் போட வேண்டும் என்று முதலில் சொன்னவர் எங்கள் சபைப் போதகர் ஞானாபரணம் ஐயர்தான். நல்ல மனுஷர். பஞ்ச காலத்தில் தன் வீட்டுக் கஞ்சியை ஊருக்கு ஊற்றியவர், அதை நான் மறைக்க மாட்டேன். அவர் ஐந்து பெரியவர்களைச் சேர்த்து ஒரு கமிட்டி வைத்தார், கமிட்டி உட்கார்ந்ததும் முதலில் எழுந்த சிக்கல் முத்திரையில்தான் எழுந்தது.

"ஐயா, கடைசிச் சரணத்துல நானும்லா பாடணும்? நான் எப்பிடி என்னையே அடியாள்னு சொல்லுவேன்? எம் பொண்டாட்டி பக்கத்து வரிசையில இருந்து சிரிப்பாளே" என்றான் திரவியம்.

அதில் நியாயம் இருப்பதாகக் கமிட்டி கண்டது. அடியாள் என்பதை அடியேன் என்று மாற்றினார்கள். அடியேன் என்று போட்டபின் திர்சாள் என்ற பெயர் அங்கே பொருந்தவில்லை. பெயர் இல்லாமல் விட்டால் ராகம் இடறியது. கடைசியில், இடம் காலியாகக் கிடக்கிறதே என்று, 'அடியேன் ஞானாபரணம்' என்று போட்டார்கள். திருட வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை, எங்கள் ஊரில் இந்த மாதிரிக் காரியங்கள் எப்போதும் இப்படித்தான், ஒருவரும் நினைக்காமலே நடக்கும். அப்புறம் பதினேழாம் பாட்டில் வேம்பு இருக்கிறது, வேம்பு மாரியம்மன் மரம், அது கோயிலுக்குள் வரலாமா என்று உபதேசியார் கேட்டார். வேம்பை வெட்டிவிட்டு, பத்தடியைப் பத்துக் கற்பனையாக்கி, அதாவது வேதத்தின் பத்துக் கட்டளையாக்கி,

பத்துக் கற்பனை வழியே
பாப்பா நேரே வருவாயே

என்று ஐயர் தம் கையாலேயே திருத்தினார். திருத்தியதைத் திர்சாளைக் கூப்பிட்டு வாசித்தும் காட்டினார். பெயரைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

"ஐயா, வேம்ப எடுத்துட்டா பிள்ள எங்க திரும்பும்?" என்று மட்டும் கேட்டாள்.

ஐயர் சிரித்தார். "இது பரலோகத்துப் பாதை திர்சாள். அதுல திருப்பமே கிடையாது."

அந்தப் புத்தகத்தைத்தான் அன்று கையில் பிடித்துக்கொண்டு பாடினோம். குரல் எப்படி வந்தது என்று அதற்குப் பிறகு யாரும் அதிகமாக ஆராயவில்லை. துரை கோயிலின் புதுக்கூரைதான் காரணம், எதிரொலி என்று சொல்லிவிட்டுக் குதிரை ஏறினார். ஐயர், ஆதிச் சபையார் ஒரே மனதாய் இருந்தார்கள், நமக்கு ஒரே குரல் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று பிரசங்கம் செய்தார். ஆண்கள் முதல் இரண்டு மாதம் துண்டால் வாயை மூடிக்கொண்டு பாடினார்கள், மூன்றாம் மாதம் துண்டை எடுத்துவிட்டார்கள், நாலாம் மாதம் திரவியம் பனை உச்சியில் இருந்துகொண்டு தாலாட்டுப் பாடிக் கீழே போகிற பெண்களை அண்ணாந்து பார்க்க வைத்துச் சிரித்தான். தாலாட்டு யார் பாடினாலும் பிள்ளை தூங்கியது, அதனால் எங்கள் ஊர்ப் பெண்கள் தொட்டில் கயிற்றைப் புருஷன் கையில் கொடுத்துவிட்டுப் பனைவிளைக்குப் போனார்கள், எந்த ஊரிலும் நடக்காத அதிசயம் என்றால் எனக்கு அதுதான் அதிசயம். பெண் பார்க்க வந்தவர்கள் பாடச் சொன்னால் காக்கைக் குரல் உள்ள பெண்ணும் புத்தகத்திலிருந்து ஒரு பாட்டை எடுத்துவிட்டாள். இரண்டு மூன்று கல்யாணம் அப்படி முடிந்து மாப்பிள்ளை வீட்டார் விழித்துக்கொண்ட பிறகு, "ஐயர் பாட்டு வேண்டாம், வேற ஏதாச்சும் பாடும்மா" என்று கேட்பது வழக்கமாயிற்று. ஐயர் பாட்டு. ஆறு மாதத்துக்குள் அதற்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது, அதைச் சொல்கிற வாயிலிருந்து அடுத்த நிமிஷம் திர்சாள் குரல் வந்தாலும்.

ஆனால் குரல் ஒன்றுதான் இருந்தது. அது வெளியே போனால் வீட்டில் இல்லை. இதைக் கண்டுபிடித்தது ரோதை. முதல் ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளை, தலையை நாலு பக்கமும் திருப்பித் திருப்பிக் கேட்டுவிட்டு, "யம்மா, நீ ஏன் இத்தன பேரா இருக்க? இங்க மட்டும் ஏன் இல்ல?" என்றது. திர்சாள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். காற்று வந்தது, சத்தம் வரவில்லை. தொண்டை கட்டியிருக்கிறது என்று நினைத்து மிளகு போட்டுக் குடித்தாள். ஆராதனை முடிந்ததும் குரல் வந்தது, சாயங்காலம் பக்கத்து வீட்டில் யாரோ தொட்டில் ஆட்ட ஆரம்பித்ததும் பேச்சுப் பாதியில் போயிற்று. ஊரில் எந்த மூலையில் யார் அவள் பாட்டைப் பாடினாலும், அந்தப் பாட்டு முடிகிற வரைக்கும் அவள் ஊமை.

பாட்டு ஒரு ஊரில் நிற்கிற சாமானா? சாந்தபுரத்தார் கொழும்புக்குப் போனார்கள், மலையில் தேயிலை கிள்ளப் போனார்கள், கப்பல் ஏறி ரங்கூன் போனார்கள், போன இடமெல்லாம் புத்தகத்தையும் கொண்டு போனார்கள். முதலில் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் ஊமையாக இருந்தவள், பிறகு தினம் விடியலிலும் அந்தியிலும் ஊமையானாள், ஒரு வருஷத்துக்குள் அவளுக்கு மிஞ்சியது மத்தியானம் ஊரெல்லாம் கண்ணயரும் கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தில் மடமடவென்று மகளிடம் பேசித் தீர்ப்பாள், தலை வாரினாயா, முள் குத்தியதா, பசிக்கிறதா என்று மூச்சு விடாமல் கேட்பாள், கேட்டுக்கொண்டிருக்கும்போதே எங்கேயோ ஒரு தொட்டில் ஆடும்.

ரோதை குரல் இருக்கும் இடத்துக்கு நடந்தது. அந்தப் பிள்ளைக்கு வேறு எதுவும் தெரியாது, பிறகு எங்கே நடக்கும்? திரவியம் வீட்டில் பாட்டு கேட்டால் அங்கே போய் அவன் மடியில் உட்கார்ந்து அவன் முகத்தைத் தடவும், மீசை கையில் பட்டதும் அழும். ஐயரின் மனைவி ஐயரம்மா நாள் முழுவதும் பாடிக்கொண்டே வேலை பார்க்கிறவள், அதனால் முக்கால்வாசி நேரம் ஐயர் வீட்டில்தான் கிடந்தது. ஒரு கட்டத்தில் பிள்ளை தன் புத்திக்கு எட்டியபடி காரியத்தைப் பிரித்துக்கொண்டது. சோறு ஊட்டி, குளிப்பாட்டி, பேசாமல் கட்டிப் பிடித்துக்கொண்டு படுக்கிறவள் கையம்மா. ஊர் முழுக்க இருப்பவள் குரலம்மா. "கையம்மா நல்லவதான். ஆனா எங்கம்மா அவ இல்ல" என்று அது ஒரு நாள் எங்களோடு விளையாடும்போது சொன்னது, வாசலில் நின்று திர்சாள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மத்தியானம் அவள் ஐயரிடம் போனாள். குரல் கையில் இருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் சொல்ல வேண்டியதை வழியிலேயே மனதுக்குள் சுருக்கி வைத்திருந்தாள்.

"ஐயா, பேரு எனக்கு வேண்டாம். நீங்க பாடாதீகன்னும் நான் சொல்லல. பாடுததுக்கு முந்தி ஒரு மணி அடிங்க. மணிச் சத்தம் கேட்டா நான் ஓடிப் போய் எம் பிள்ளையப் பிடிச்சுக்கிடுவேன். பாட்டு முடியுத வரைக்கும் பிடிச்சிட்டு இருப்பேன். எனக்கு அது போதும்."

"இவ்வளவுதானா?" என்றார் ஐயர். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "இத முன்னமே கேக்கப்படாதா நீ?"

அந்த ஞாயிற்றுக்கிழமையே கோயில் தூணில் ஒரு பலகை தொங்கியது: மணி அடித்த பிறகு பாடவும். மொர்தெகாய் மணியை மூன்று தட்டுத் தட்டி, நூறு எண்ணும் வரை பொறுத்துத்தான் பாட்டு ஆரம்பமாகும். வீட்டில் பாடுகிறவர்கள் செம்பை வாசலுக்குக் கொண்டு வந்து கரண்டியால் மூன்று தட்டினார்கள். மணி கேட்டதும் திர்சாள் போட்டது போட்டபடி ஓடிப் பிள்ளையை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொள்வாள், குரல் இருக்கும் பக்கம் கையை நீட்டிக்கொண்டு பிள்ளை திமிறும், பாட்டு முடிந்ததும் இரண்டும் களைத்து உட்காரும். எட்டு மாதம் இப்படி நடந்தது. அடுத்த ஊர்க்காரர்களிடம் எங்கள் மணியைப் பற்றிச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டோம், ஒரு விதவைக்காக இருநூற்று முப்பது பேர் நூறு எண்ணிக் காத்திருக்கிற ஊர் வேறு எங்கே இருக்கிறது என்று கேட்டோம். இன்றைக்கு நினைத்தால் வாயில் கசக்கிறது.

அந்த வருஷம் அசனப் பண்டிகைக்குப் பிஷப் வருவதாகக் கடிதம் வந்தது. அசனம் என்றால் ஊரே கூடிச் சமைத்து ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது, எங்களுக்குக் கிறிஸ்துமஸை விடப் பெரிய நாள். கோயில் முன்னால், கிணற்றுக்கு அந்தப் பக்கம் பந்தல் போட்டார்கள். மணிக்கயிற்றில் அடி முதல் நுனி வரை அரளியும் சாமந்தியும் சுற்றி, பிஷப் தோரண வாசலில் கால் வைக்கும்போதுதான் முதல் மணி விழ வேண்டும், அதற்கு முன் யாரும் கயிற்றைத் தொடக் கூடாது என்று ஐயர் கட்டளை போட்டார். மொர்தெகாய்க்கு நல்ல மீசை என்பதால் அன்று அவனைப் பாடகர் வரிசையில் முன்னால் நிறுத்தினார்கள். காலை ஒன்பது மணி. பிஷப் வண்டி ஆற்றைத் தாண்டிவிட்டது என்று ஆள் வந்து சொன்னான். அவர் வருவதற்குள் ஒரு தடவை பாடிப் பார்த்துவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். யார் சொன்னது என்று பிறகு எவ்வளவோ விசாரித்தும் தெரியவில்லை. ஐயர் கையை உயர்த்தினார்.

பதினேழாம் பாட்டு.

திர்சாள் அப்போது பள்ளிக்கூடத்து நிழலில் பெண்களோடு உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அன்று என்ன அதிசயமோ, காலையிலேயே குரல் கொஞ்ச நேரம் அவளிடம் வந்திருந்தது; தன் பாட்டுக்கு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தவள் பேச்சுப் பாதியில் அறுந்தது. அதே நேரம் பந்தல் பக்கம் அவள் குரல் எழுந்தது. மணி அடிக்கவில்லை. அவள் திரும்பி வீட்டைப் பார்த்தாள். நான் வருகிற வரைக்கும் எழுந்திருக்காதே என்று சொல்லிப் படியில் உட்கார வைத்த பிள்ளை எழுந்து நின்றிருந்தது.

பாப்பா நேரே வருவாயே என்று எண்பது பாடகர்கள் அம்மாவின் குரலில் கூப்பிட்டார்கள். ரோதை நடந்தது. பாவாடையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உதட்டில் எண்ணிக்கொண்டே பத்தடி வைத்தது, வேம்பண்டை நின்றது. நின்றதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். காதைச் சாய்த்துக்கொண்டு, திரும்பு என்ற சொல்லுக்காகத்தான் அது நின்றது. அந்தச் சொல் புத்தகத்தில் இல்லை. நேரே வருவாயே என்று மறுபடியும் கேட்டது, பிள்ளை சிரித்துக்கொண்டே நேரே வந்தது.

திர்சாள் ஓடினாள். ஓடிக்கொண்டே வாயைத் திறந்து, கழுத்து நரம்பு புடைக்க, நில் என்று கத்தினாள். கத்தினாள் என்று நாங்கள் பிறகு புரிந்துகொண்டோம். அந்த நேரத்தில் பார்த்தவர்களுக்கு ஒரு பெண்பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு சத்தமில்லாமல் ஓடி வருவதாகத்தான் தெரிந்தது. அவளுடைய சத்தம் பந்தலில் இருந்தது, மூன்றாம் சரணத்தை அழகாகப் பாடிக்கொண்டிருந்தது. எங்கள் வரிசையிலிருந்து ஒருவர், ஒரே ஒருவர், பாட்டை நிறுத்தியிருந்தால் போதாது. எல்லோரும் நிறுத்தியிருக்க வேண்டும். எடுத்த பாட்டை நடுவில் விடுகிற பழக்கம் எங்களுக்கு இல்லை. பாடிக்கொண்டே பார்த்தோம்.

பிள்ளையை எடுத்தது திரவியம். பனை ஏறுகிறவன் கிணற்றில் இறங்கினான். பிஷப் அதே நேரத்தில் வந்து இறங்க, பூ சுற்றிய மணி அடித்தது.

பிஷப்பே அடக்கம் பண்ணினார். அடக்கத்துக்குப் பாட்டு வேண்டும், எங்களிடம் இருந்த அடக்கப் பாட்டெல்லாம் அவள் கட்டிக் கொடுத்தவை. குழிக்கு முன்னால் நின்று, மகளைப் பறிகொடுத்தவளின் குரலிலேயே நாங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏழு பாட்டுப் பாடினோம், ஏழு பாட்டு முடிகிற வரைக்கும் அவளால் அழ முடியவில்லை. வாய் கோணி, தோள் குலுங்கி, தரையில் விழுந்து புரண்டாள், ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. "என்ன விசுவாசம் பாருங்க, ஒரு சத்தம் போடலியே" என்று வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கிணற்றுக்குச் சுவர் கட்ட வேண்டும் என்று அந்த வாரமே கமிட்டி தீர்மானம் போட்டது. அந்தத் தீர்மானம் இன்றும் ரிஜிஸ்டரில் இருக்கிறது.

திர்சாள் அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. கோயிலுக்கும் வரவில்லை. வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பாள், கிணற்றுப் பக்கம் எந்தப் பிள்ளை போனாலும் எழுந்து கையை விரித்துக்கொண்டு குறுக்கே நிற்பாள். ஒரு வருஷம் கழித்து, ஒரு நாள் மத்தியானம், கொழும்பிலும் ரங்கூனிலும் எல்லோரும் ஒரே நேரத்தில் தூங்கிப் போனார்களோ என்னவோ, குரல் அரை மணி நேரத்துக்கு வீட்டுக்கு வந்தது. எங்களைக் கை காட்டிக் கூப்பிட்டாள். சின்ன வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேரையும் நிழலில் உட்கார வைத்து, அவள் கடைசியாகக் கட்டிய பாட்டைச் சொல்லிக் கொடுத்தாள்:

நில் ரோதை நில்,
நின்ற இடத்தில் நில்;
அம்மா கை வரும் வரைக்கும்
அசையாமல் நில்.

"என்ன வேல கெடந்தாலும் தினம் ஒரு தடவ பாடுங்க பிள்ளைகளா. நான் சொல்ல முடியாமப் போனதுல்லா. நீங்க சொல்லுங்க" என்றாள்.

பாடினோம். அதை ஒரு விளையாட்டாகவே ஆக்கிக்கொண்டோம், ஒருவர் கண்ணைக் கட்டிவிட்டு மற்றவர்கள் பாட வேண்டும், பாட்டுக் கேட்டதும் கண் கட்டியவர் அசையாமல் நிற்க வேண்டும். அன்று அவள் கத்திய கத்தலுக்கு ஒரு வருஷம் கழித்துச் சத்தம் கிடைத்தது. அந்தச் சத்தம் கேட்டால் ஊரே நின்றது. வண்டிமாடு நின்றது, திரவியம் பாதிப் பனையில் நின்றான், ஐயரம்மா அரிவாள்மணையில் கத்தரிக்காயை வைத்த கை வைத்தபடி நின்றாள். பாட்டு முடிந்ததும் எல்லோரும் பெருமூச்சு விட்டு நகர்வார்கள். திர்சாள் மரத்தடியில் கண்ணை மூடிக்கொண்டிருப்பாள். அந்த ஒரு பாட்டு நடக்கும்போது ஊமையாக இருப்பதில் அவளுக்குக் குறை இல்லை என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது.

அப்புறம் புத்தகத்துக்கு இரண்டாம் பதிப்பு வந்தது. முதல் பதிப்பு இலங்கை முழுவதும் தீர்ந்துவிட்டதால் பெரிய பதிப்பாகப் போட்டார்கள், சிறுவர் பாட்டுக்கு என்று தனிப் பகுதி வைத்தார்கள். கமிட்டி மறுபடியும் உட்கார்ந்தது. ஊரையே நிறுத்துகிற பாட்டு புத்தகத்தில் இல்லாமலா என்று எல்லோரும் கேட்டார்கள், ஐயரும் அதை மிகுந்த அன்போடுதான் எடுத்துச் சேர்த்தார். ஆனால் வேதத்தில் ரோதை என்கிற பெண் பேதுருவின் குரலை அடையாளம் கண்டு சந்தோஷத்தில் ஓடினவள். குரலைக் கேட்டு ஓடுகிறவளைப் பார்த்து நில் என்று சொன்னால் அது உபதேசத்துக்கு ஒவ்வுமா? அன்று செத்த பிள்ளைக்கும் நாம் செய்கிற மரியாதை, அவள் ஆண்டவரண்டை சேர்ந்துவிட்டாள் என்று சொல்வதுதானே? உபதேசியார் ஆமோதித்தார். கமிட்டி ஆமோதித்தது. ஒரு சின்ன சொல் மட்டும் திருத்தினார்கள்.

புத்தகம் வந்த ஞாயிற்றுக்கிழமை சின்ன வகுப்புப் பிள்ளைகள் நாங்கள் நாற்பது பேரும் வெள்ளை உடுத்திப் பீடத்துக்கு முன்னால் வரிசையாக நின்றோம். மொர்தெகாய் மணியை மூன்று தட்டினான். நூறு எண்ணினோம். இதில் எந்தக் குறையும் வைக்கவில்லை.

வா ரோதை வா,
நேர் வழியே வா;
அப்பன் கை விரித்து நிற்க
அஞ்சாமல் வா.

ஜன்னலுக்கு வெளியே பொட்டல் தெரிந்தது, வேம்பு தெரிந்தது. திர்சாள் எழுந்து நிற்பது தெரிந்தது. தன் குரல் தன் மகளைக் கிணற்றுக்குக் கூப்பிடுவதை அவள் முதல் சரணம் முழுவதும் நின்று கேட்டாள். பிறகு நடந்து, இரண்டு வருஷமாக மிதிக்காத கோயில் வாசலை மிதித்து, நடுவழியே நேராக எங்களிடம் வந்தாள். கும்பிடவில்லை, யாரையும் பார்க்கவில்லை. வரிசையின் முதல் பிள்ளையின் வாயைக் கையால் பொத்தினாள். அடுத்த பிள்ளையின் வாயை இன்னொரு கையால் பொத்தினாள். மீதி முப்பத்தெட்டு வாய் பாடியது. முதல் பிள்ளையை விட்டுவிட்டு மூன்றாம் பிள்ளையைப் பொத்தினாள், விட்ட வாய் பாடியது. இரண்டு கைதான் அவளுக்கு. ஒவ்வொரு வாயாகப் பொத்திக்கொண்டும் விட்டுக்கொண்டும் வரிசையில் வந்தாள், அவசரப்படாமல், சின்ன வகுப்பில் எங்களுக்கு மூக்குத் துடைத்துவிடுவாளே, அதே பதமான கை.

"பாவம், பாட்டு அவளத் தொட்டுட்டு" என்று ஐயரம்மா முன்வரிசையில் விசும்பினாள்.

நான் வரிசையில் இருபத்திமூன்றாவது. அப்போது எனக்கு எட்டு வயது, இப்போது எண்பது ஆகிறது. அந்தக் கை என் வாய்மேல் வந்து நின்றபோது அதில் வேப்பிலை வாசம் இருந்தது. ரோதை கையம்மா என்று சொன்ன கை. அவள் என் கண்ணைப் பார்த்தாள், தலையை மெல்ல இப்படியும் அப்படியும் ஆட்டினாள், வேண்டாம் என்று. எனக்குப் புரிந்தது. எட்டு வயதுப் பிள்ளைக்குப் புரியும். பிறகு கையை எடுத்து அடுத்த வாய்க்குப் போனாள், நான் விட்ட இடத்திலிருந்து பாடினேன்.